இடம் மிச்சம், சுபம்

ஆகஸ்ட் 3, சனி
காலை 148/96. மாலை 152/98.

முப்பத்து நான்கு வயதில் இரத்த அழுத்தம். டாக்டர் அம்மா மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால் வீட்டுப்பாடம் எழுதிவிட்டார். “ஒரு மாசம் காலையிலயும் சாயங்காலமும் பிரஷர் பாத்து எழுதிட்டு வாங்க. ஏர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னும் எழுதணும். மாத்திரைய அப்புறம் பாத்துக்கலாம்.”

என் மனைவி மேகலா அன்றைக்கே அளவுக் கருவியை வாங்கி வந்துவிட்டாள். யாரோ காப்பீட்டு முகவர் ஜனவரியில் கொடுத்த டைரி ஒன்று மிக்சிக்கு அடியில் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். கணினியில் எழுதலாமே என்று கேட்பார்கள். மென்பொருள் எதையும் நான் நம்புவதில்லை. மென்பொருளைச் சோதிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதனால்தான் நம்புவதில்லை.

ஏறுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இருந்தது, அவ்வளவுதான்.

‘மென்பொருள் முற்றம்’ என்ற இணையக் குழுவில் கேமிங் பற்றி ஒரு சண்டை. போனில் கட்டைவிரலால் தேய்ப்பதும் விளையாட்டுதான் என்கிறான் ஒருவன். கணினியும் விசைப்பலகையும் இல்லாமல் ஆடுவது விளையாட்டல்ல, கொசு அடிப்பது என்று எழுதினேன். இருநூற்றுப் பதினான்கு மறுமொழிகள். குழுவில் நாற்பத்தோராயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே என் பெயர் தயாபரன் இல்லை, ‘கறார் தயா’. நான் வைத்துக்கொண்ட பெயரல்ல, அவர்களாகக் கொடுத்தது. அந்த ஆள் கடைசியில் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டான்.

சுபம்.

(பள்ளிக்கூட நாளிலிருந்து எதை எழுதி முடித்தாலும் இந்தச் சொல்லைப் போட்டால்தான் எனக்கு முடிந்த மாதிரி இருக்கும். டாக்டர் அம்மா மன்னிக்கவும்.)

ஆகஸ்ட் 4, ஞாயிறு
காலை 150/94.

துணி துவைக்கும் இயந்திரம் சுற்ற மாட்டேன் என்கிறது. ஆள் செவ்வாய்க்கிழமை வருவானாம். சுபம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
காலை 146/96. மாலை 154/100.

அலுவலகத்தில் ஏழாவது வாரமாக எனக்குத் திட்டம் எதுவும் ஒதுக்கவில்லை. காலையில் போய் உட்கார்ந்து, கேண்டீனில் சாப்பிட்டு, மாலையில் கிளம்பி வருகிறேன். மேகலாவிடம் “நிறைய வேலை” என்று சொல்லியிருக்கிறேன். ஒருவகையில் உண்மைதான். இன்று தமிழ் விசைப்பலகை விவாதத்தில் மட்டும் முப்பத்தேழு மறுமொழிகள் எழுதினேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வரவழைப்பவர்களுக்கு வெட்கமே கிடையாதா?

இயந்திரத்துக்காரன் வந்தான். உள்ளே மேகலாவின் ஊக்கு ஒன்று மாட்டியிருந்ததாம். சுபம்.

ஆகஸ்ட் 10, சனி
காலை 148/98. மாலை 160/102.

இன்று குழுவில் பெரிய விஷயம்.

வாணியம்பாடியிலிருந்து ஷர்மிளா பானு என்ற ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தார். தோல் பதனிடும் தொழிலாளர்களின் வாழ்க்கைக் கதைகள்தான் அவருடைய ஆய்வு. நான்கு வருடம் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பதிவு செய்து, ஐந்து இயல்கள் எழுதியிருக்கிறார். அச்சகத்துக்காரர் பழைய எழுத்துருவில் தட்டித் தந்த கோப்பு, அதன்மேல் இவர் செய்த திருத்தங்கள், எல்லாம் ஒரே பென் டிரைவில். துறையில் யூனிகோடில்தான் வேண்டும் என்றார்களாம். ‘உருமாற்றி’யில் போட்டு மாற்றியிருக்கிறார். பாதியில் பென் டிரைவ் கழன்றுவிட்டது. மறுபடி செருகினால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. “யாராவது உதவ முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

உருமாற்றி என்பது பழைய எழுத்துருக் கோப்புகளை எந்தக் கணினியிலும் திறக்கும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள். தக்கலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கும் இருதயராஜ் என்பவர் பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதி வருகிறார். தமிழ்நாட்டில் பதிப்பகம், பத்திரிகை, அச்சகம் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஆளை எல்லோரும் மகான் மாதிரி பேசுவார்கள். முகப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். உதவியவர்கள் பெயர் ஒன்றும் இருக்காது. இலவசமாகக் கொடுத்தால் கேள்வி கேட்கக் கூடாதோ?

எனக்கு அவரைத் தனிப்பட்ட முறையில் அவ்வளவாகத் தெரியாது.

மேகலா கேட்டாள்: “அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் உதவினாங்களா?” பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். சுபம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
காலை 156/100. மாலை 158/102.

காலை இட்லிகூட ஆறிப்போயிற்று. உருமாற்றியின் இணையதளத்தில் மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள், ஒரு மூட்டையாகக் கிடக்கிறது. இறக்கிப் பிரித்துப் படித்தேன். நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பன்னிரண்டு வருடச் சோதனையாளன் கண் சும்மாவா?

விஷயம் இதுதான். பழைய கோப்பை முதலில் அழித்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதுகிறது. பென் டிரைவில் இரண்டுக்கும் இடம் வேண்டாமே என்ற சிக்கனம். எழுதி முடிப்பதற்குள் பென் டிரைவ் கழன்றால் இரண்டும் காலி. புதியதை எழுதி, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். முதல் வருடப் பையனுக்குத் தெரிந்த விஷயம்.

இதில் வேடிக்கை, அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: “இடம் மிச்சம். சுபம்.”

படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ஷர்மிளா பானுவின் பெயரையும் குறிப்பிட்டுப் பதிவு எழுதினேன். “ஒரு பெண்ணின் நான்கு வருடத்தைத் தின்ற வரி இது. இதை எழுதியவருக்குக் கணினியைத் தொடும் தகுதியே கிடையாது. நிரலுக்குள் ‘சுபம்’ என்று எழுதுகிறவர் பொறியாளரா, சினிமாக் கொட்டகைக்காரரா?” கடைசி வரிக்குத்தான் சிரிப்பு அள்ளியது. மதியத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு லைக்.

நானும்தான் சுபம் போடுகிறேன். அது டைரி. நிரல் வேறு, டைரி வேறு.

ஆகஸ்ட் 12, திங்கள்
காலை 154/98. மாலை 150/96.

நாலாயிரத்து இருநூறு பேர். இரண்டு யூடியூப்காரர்கள் என் பதிவை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அலுவலகக் கேண்டீனில் ஒருவன் “கறார் தயா நீங்கதானா?” என்று கை கொடுத்தான். ஏழு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் என்னிடம் யாராவது பேசியது அதுதான்.

இருதயராஜ் பதில் போட்டார். மொத்தம் மூன்று வரி. “தவறு என்னுடையது. ஷர்மிளா பானு அவர்களைத் தொடர்புகொண்டுவிட்டேன். உருமாற்றியைப் பயன்படுத்துவோர் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளவும்.” விளக்கம் கிடையாது. “பதினாறு வருடம் மக்களை ஏமாற்றிவிட்டு மூன்று வரியா?” என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மேகலா: “அந்தப் பொண்ணு தீசிஸ் என்னங்க ஆச்சு?”

“அதுக்குத்தான இவ்ளோ போராடிட்டு இருக்கேன்.”

“இல்ல, கெடைச்சுதான்னு கேட்டேன்.”

ஆகஸ்ட் 13, செவ்வாய்
காலை 152/98.

குழுவில் யாரோ இருதயராஜ் வேலை பார்க்கும் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுவிட்டார்கள். “அலுவலக நேரத்தில் மென்பொருள் எழுதுகிறாரா என்று விசாரியுங்கள்” என்று ஆளுக்கொரு கடிதம். நான் அனுப்பவில்லை. அனுப்பாதீர்கள் என்றும் சொல்லவில்லை. சொல்ல நான் யார்?

கேஸ் பதிவு செய்தேன். தண்ணீர் கேன் இரண்டு.

ஆகஸ்ட் 15, வியாழன்
காலை 150/96. மாலை 164/104.

உருமாற்றி தளத்தை எடுத்துவிட்டார். “இனி இந்த மென்பொருள் கிடைக்காது. நன்றி” என்று மட்டும் இருக்கிறது.

இப்போது குழு இரண்டாகிவிட்டது. “எங்கள் அச்சகத்தில் அறுநூறு புத்தகம் மாற்ற வேண்டியிருக்கிறது, நீயா செய்து தருவாய்?” என்று ஒருவர் என்னைக் கேட்கிறார். கோபித்துக்கொண்டு பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகிற குழந்தை மாதிரி இருக்கிறது இருதயராஜ் செய்தது என்று பதில் எழுதினேன். மாலை அளவு ஏன் ஏறியது என்று தெரியவில்லை. சட்னியில் உப்பு.

ஷர்மிளா பானுவிடமிருந்து தனிச்செய்தி ஆறு வந்து கிடக்கிறது. திறக்க நேரமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
காலை 152/98.

குழு நிர்வாகி முத்தழகு கூப்பிட்டார். “தயா, நீங்களே எடுத்து நடத்துங்க. பழைய நிரலோட முழு வரலாறு பல பேர்கிட்ட இருக்கு. அந்த ஒரு வரிய சரி பண்ணி ‘புதிய உருமாற்றி’ன்னு விட்டுடலாம். உங்களவிட்டா வேற யாரு இருக்கா?”

இந்த வார்த்தையை ஒருவர் என்னிடம் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது. சரி என்றேன். நாளை தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்
மாலை 172/110.

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
அளக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்
காலை 168/108.

எழுதித்தான் ஆக வேண்டும். டாக்டர் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப்போவதில்லை.

பலர் சேர்ந்து எழுதும் நிரல்களில் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் பெயர், தேதி, ஒரு வரிக் குறிப்பு மூன்றும் வரலாறாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு வரியைக் காட்டி இது யார் எழுதியது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் கட்டளைக்கு வைத்திருக்கும் பெயருக்குப் பொருள் ‘பழி’. நிரலைத் திட்டுவதற்கு முன் அந்தக் கட்டளையை ஒருமுறை போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தளத்தில் கிடந்த மூட்டையில் வரலாறு இல்லை. நானும் வரலாற்றைத் தேடவில்லை. திங்கட்கிழமைதான் முழுவதும் இறக்கி, அந்த வரிமேல் கட்டளையைப் போட்டேன்.

மார்ச் 9, 2010. எழுதியவர்: ம. தயாபரன். குறிப்பு: “பென் டிரைவில் இடம் போதவில்லை என்பவர்களுக்காக. பழையதை முதலில் அழித்துவிட்டுப் புதியதை எழுதும். சோதித்துவிட்டேன்.”

சோதித்துவிட்டேனாம்.

அடுத்த வரி இருதயராஜ் எழுதியது: “சேர்த்தாயிற்று. நன்றி தம்பி. உன் பெயரை முகப்பில் போடுகிறேன்.”

தென்காசியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது, இருபது வயது. ஐநூற்றுப் பன்னிரண்டு எம்பி பென் டிரைவ் ஒன்றை கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவேன். ஒரு கிலோபைட் வீணானால்கூட மனசு ஆறாது. இருதயராஜை அவ்வளவாகத் தெரியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒன்றரை வருடம் வாரா வாரம் அவரோடு போனில் பேசியிருக்கிறேன். தக்கலையில் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறேன். என் பெயர் முகப்பில் ஆறு வருடம் இருந்தது. அப்புறம் ஒரு மாற்றம் நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. “இந்தக் குப்பையோடு என் பெயர் இருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று எழுதினேன். எடுத்துவிட்டார். அந்த மின்னஞ்சலையும் நேற்று தேடிப் படித்தேன்.

பதினோராம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லைப் படம் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மேலே எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த டைரியில் எந்த நாளின் முடிவிலும் அந்தச் சொல் இல்லை. இனி போடவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
காலை 164/106.

ஷர்மிளா பானுவின் செய்திகளைத் திறந்தேன். ஆறும் ஒரே விஷயம்: “அண்ணா, பதிவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.” போனில் கூப்பிட்டேன்.

“இப்ப என்ன பிரயோஜனம்ணா? எங்க கைடு கூப்ட்டு, ‘ஆராய்ச்சி பண்ண வந்தியா, டிபார்ட்மென்ட் மானத்த வாங்க வந்தியா’ன்னு கேட்டுட்டாரு. ஊர்ல எல்லாரும் அந்தப் படத்தத்தான் அனுப்புறாங்க.”

ஆய்வேடு கிடைத்ததா என்று கேட்டேன். மேகலா பக்கத்தில் நின்றாள்.

“இருதயராஜ் அண்ணன் வந்தாருண்ணா. நான் எழுதுன மறுநாளே தக்கலைலேந்து பஸ் ஏறிட்டாரு. மூணு நாள் எங்க வீட்லயே உக்காந்து பென் டிரைவத் தோண்டி எடுத்தாரு. மூணு இயல் வந்துடுச்சு. மீதி ரெண்டு இயலுக்கு ஆடியோ போன்ல இருந்துச்சு. அதக் கேட்டுக் கேட்டு அவரும் அவங்க வீட்டம்மாவும் டைப் பண்ணி அனுப்பிட்டு இருக்காங்க. ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்க, முடிச்சிடலாம்.”

“அப்ப ஒண்ணும் போகல.”

“போச்சுண்ணா. சுப்பம்மான்னு ஒருத்தங்க. சுண்ணாம்புத் தொட்டியில நாப்பது வருஷம் நின்னவங்க. அவங்க பேசுன ஆடியோவ டைப் பண்ணதும் இடமில்லன்னு போன்லேந்து அழிச்சிட்டேன். எழுத்துலதான் இருந்தாங்க. இப்ப அவங்களே இல்ல. போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

இடமில்லை என்று அழித்துவிட்டாராம். நான் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். “வேண்டாம்ணா” என்றார், மரியாதையாகத்தான்.

அவர் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தேன். படம் இதற்குள் எங்கெங்கோ போய்விட்டது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்
காலை 166/106. மாலை 158/100.

மதியம் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து இருதயராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய எண்தான். எடுத்தார். பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“அண்ணே, நான் தயாபரன்.”

“சொல்லு தம்பி.”

“அந்த வரி...”

“தெரியும்.”

“எப்பத்துல இருந்துண்ணே?”

“நீ படம் போட்டேல்லா, அன்னைக்கே. சுபம்னு பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு. வேற எவன் எழுதுவான்?”

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. எல்லார் வாயும் மூடிருக்கும்.”

“என்னத்தச் சொல்ல? எழுதினது நீயாக்கும். சரியா பாக்காம சேத்தது நானாக்கும். பதினாலு வருசம் வச்சிருந்ததும் நானாக்கும். பத்தொம்பது வயசுப் பயலுக்க தலையில கொண்டு வச்சிட்டு நான் கையத் தட்டிட்டுப் போகவா?”

“எனக்கு இப்ப முப்பத்து நாலுண்ணே.”

“ஆமா. அதத்தான் நானும் யோசிச்சேன்.”

போனில் பின்னால் அவர் மனைவி யாரோ தொழிலாளியின் பேச்சைப் போட்டுப் போட்டு நிறுத்தும் சத்தம் கேட்டது. ஒரே வாக்கியம் நாலு தடவை ஓடியது.

“நான் எல்லாத்தையும் எழுதிப் போட்டுருதேண்ணே. நான்தான்னு சொல்லிருதேன்.” எனக்குத் தென்காசிப் பேச்சு வந்து வருடக்கணக்காகிறது. அவரிடம் தானாக வந்தது.

“போடாண்டாம். கேட்டுக்க. ஆபீசில விளக்கம் எழுதிக் குடுத்தாச்சு. மொவளுக்க பள்ளிக்கூடம் வர போயிட்டு இந்தப் பேச்சு. இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கு. எனக்க பேரு இனி அங்க வராண்டாம். நல்லதுக்கும் வராண்டாம், கெட்டதுக்கும் வராண்டாம். அது ஒண்ணுதான் ஒங்கிட்ட கேக்கேன்.”

“சரிண்ணே.”

“வைக்கட்டா?”

வைத்துவிட்டார். சரி என்று நான் சொன்னது உண்மை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆகஸ்ட் 31, சனி
காலை 160/104.

நான்கு நாளாக நெஞ்சில் பாரம். உண்மையை மூடி வைப்பது எப்படிச் சரியாகும்? அவர் பெருந்தன்மையில் சொல்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நான் கோழையாகிவிடுவேன். உலகத்துக்கு உண்மை தெரிய வேண்டாமா? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

பதிவைப் பதினொரு முறை திருத்தினேன். முதல் வரி சரியாக விழவில்லை. “நான் ஒரு தவறு செய்தேன்” தட்டையாக இருந்தது. “பதினான்கு ஆண்டுகளாக ஒரு மனிதர் எனக்காகச் சுமந்த பழியை இன்று இறக்கி வைக்கிறேன்” என்று தொடங்கினேன். நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு
காலை 158/102. மாலை 138/90.

பத்து மணிக்குப் போட்டேன். ஞாயிறு பத்து மணிக்குத்தான் அதிகம் பேர் இருப்பார்கள். மார்ச் 2010 வரலாற்றின் படம், கழுத்தில் பென் டிரைவோடு கல்லூரி நாள் புகைப்படம், இரண்டையும் இணைத்தேன்.

மதியத்துக்குள் ஆறாயிரம் இதயம். ஆறாயிரம்!

மேகலா படித்துவிட்டு வந்தாள். “அவர்கிட்ட கேட்டுட்டுத்தான போட்டீங்க?”

“பேசிட்டேன்.”

அது பொய்யில்லை. பேசினேன்தானே.

செப்டம்பர் 3, செவ்வாய்
காலை 130/86. மாலை 128/84.

“இணையத்தில் தன் தவறை ஒப்புக்கொண்ட முதல் மனிதர்.” “தலை வணங்குகிறேன் கறார் தயா.” “கண்ணீரோடு படித்தேன்.” ஒவ்வொருவருக்கும் கைகூப்பிப் பதில் போட்டேன், யாரையும் விடவில்லை. ஒரு யூடியூப் சேனலில் நேர்காணல் கேட்கிறார்கள். நீலச் சட்டையா வெள்ளையா என்று மேகலாவிடம் கேட்டேன். காதில் விழாத மாதிரி துணி மடித்தாள்.

சில மறுமொழிகள் வேறு மாதிரியும் இருக்கின்றன. “படிக்கிற பையன் எழுதியதைச் சரிபார்க்காமல் சேர்த்த இருதயராஜ்தான் முதல் குற்றவாளி.” “மாணவர்கள் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஆள்.” “தெரிந்தும் வாய் மூடி இருந்து அனுதாபம் தேடினார்.” அவருடைய சங்கத்துக்கு மறுபடியும் கடிதம் எழுதலாம் என்கிறார்கள். அவற்றுக்கு நான் பதில் போடவில்லை. விவாதத்தைத் திசை திருப்புகிறவர்களுக்குத் தீனி போடக் கூடாது என்பது என் கொள்கை.

செப்டம்பர் 4, புதன்
காலை 126/84.

அலுவலகத்தில் மனிதவளத் துறைப் பெண்மணி என் பதிவைத் தன் பக்கத்தில் பகிர்ந்திருக்கிறார். ‘பொறுப்பேற்கும் பண்பு’ என்று தலைப்பு. திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் திட்டம் ஒதுக்கிவிட்டார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

செப்டம்பர் 7, சனி
காலை 124/82.

பிள்ளையார் சதுர்த்தி. மேகலா கொழுக்கட்டை செய்தாள். தேங்காய்ப் பூரணம் நன்றாக வந்திருந்தது. சாப்பிடும்போது கேட்டாள்: “உங்க பேர நீங்களே எடுக்கச் சொன்னீங்கன்னு அந்தப் பதிவுல எழுதலியே?”

டைரியைப் படித்திருக்கிறாள். பதிவு ஏற்கெனவே நீளமாகிவிட்டது என்றேன்.

“ம்” என்று எழுந்து போனாள். கொழுக்கட்டைத் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்
காலை 122/80.

அளவுகளை மட்டும் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ‘முன்னாடி என்ன செய்தீர்கள்’ என்ற இடத்தில் எல்லா நாளும் ‘நடைப்பயிற்சி’ என்று போட்டிருந்தேன்.

டாக்டர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அட, மாத்திர இல்லாமயே எறங்கிடுச்சே! பத்தொம்பதாம் தேதியெல்லாம் எனக்கே பயமா இருக்கு. ஒண்ணாம் தேதிலேந்து சூப்பர். அன்னிக்கு என்ன மாத்துனீங்க?”

“மனச லேசா வச்சுக்கிட்டேன் டாக்டர்.”

“அவ்ளோதான். அதையே விடாம பண்ணுங்க.”

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ஷர்மிளா பானுவின் செய்தி:

“அண்ணா, ஆய்வேடு முடிந்துவிட்டது. நன்றியுரையில் இருதயராஜ் அண்ணன் பெயரும் அவர் மனைவி பெயரும் போட்டிருந்தேன். எடுக்கச் சொல்லிவிட்டார். இனி எங்கேயும் தன் பெயர் வர வேண்டாம் என்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது எங்கள் கைடு உங்கள் பதிவைப் படித்துவிட்டு, நேர்மையான மனிதர், அவர் பெயரைப் போடு, துறைக்கும் நல்லது என்கிறார். எனக்கு மனசில்லை அண்ணா. நான் மறுத்தால் கையெழுத்து தள்ளிப்போகும். நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர் கேட்பார். தயவுசெய்து.”

இரண்டு முறை படித்தேன். பின்னால் ஆட்டோக்காரன் ஒலியெழுப்பினான். வண்டியை ஓரம் கட்டினேன். ஒருவர் பாராட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வகை ஆணவம்தான். அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து தள்ளிப்போகக் கூடாது, அதுதான் முக்கியம்.

பதில் அனுப்பினேன்: “மகிழ்ச்சி தங்கச்சி. ம. தயாபரன் என்று போடவும். இனிஷியல் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளவும்.”

மாலை 120/78.

சுபம்.